போரை நிறுத்திவிட்டு அணை கட்டிய அப்ரஹா: 543ஆ, 548ஆ?

கனகராயன்கரை எழுதியது:

வணக்கம். கிளிநொச்சி வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் தென் அரேபியாவைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேச ஒத்துக்கொண்டிருக்கிறேன். இஸ்லாத்துக்கு முந்திய யேமன்தான் விடயம். சபா, ஹிம்யர் என்ற அரசுகள், கடைசியில் அங்கே ஆண்ட அபிசீனியர் அப்ரஹா. கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் கமக்காரர். குளக்கட்டு உடைந்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால் உடைந்த மாரிப் அணையைத் திருத்தியது பற்றி அப்ரஹா வெட்டுவித்த கல்வெட்டை நடுவில் வைத்துப் பேசலாம் என்று நினைத்தேன். ஆனால் குறிப்பு எடுக்கத் தொடங்கியதும் நாலு இடத்தில் இடிக்கிறது.

ஒரு நூலில் அப்ரஹா அணையைத் திருத்தியது 542–543 என்று இருக்கிறது, இன்னொன்றில் 547–548. நஜ்ரான் நகரத்துக் கிறிஸ்தவர் கொல்லப்பட்ட சம்பவமும் அப்படித்தான், 518 என்றும் 523 என்றும் வருகிறது. எது சரி?

அணையின் நீளம் 45 முழம் என்று கல்வெட்டு சொல்கிறதாம். அதே நூலின் படவிளக்கத்தில் அணை 600 மீற்றர். 45 முழக் கட்டு ஒரு சின்னக் குளத்துக்கே காணாதே.

கலகத்தை அடக்கப் படையோடு புறப்பட்ட அரசன், அணை உடைந்த சேதி கேட்டு ஏன் அந்த வேலைக்குத் திரும்பினான்? அணைக்கு ஆளனுப்பிவிட்டுப் போரைத் தொடர்ந்திருக்கலாமே.

கடைசியாக, அப்ரஹாவின் 552 படையெடுப்புத்தான், அவர் யானையோடு மக்கா மீது வந்ததாக இஸ்லாமிய மரபு சொல்லும் ‘யானை ஆண்டு’ என்று எழுதலாமா? கூட்டத்தில் இஸ்லாமிய நாகரிகம் படிக்கிற உயர்தரப் பிள்ளைகளும் இருப்பார்கள். பிழையாகச் சொல்லக் கூடாது.

பனங்காமம் எழுதியது:

ஆண்டுக் கணக்கை நான் சொல்கிறேன். இது விளங்கினால் மற்ற முரண்பாடுகளில் பாதி தானாகத் தீரும்.

ஹிம்யர் கல்வெட்டுகளில் இருப்பது கிறிஸ்து ஆண்டு அல்ல, அவர்களுடைய சொந்த ஆண்டு. பழைய ஆய்வாளர் அதன் தொடக்கத்தை கி.மு. 115 என்று கொண்டார்கள். பிறகு அது கி.மு. 110 என்று திருத்தப்பட்டது. இந்த ஐந்து ஆண்டு வித்தியாசம்தான் உங்கள் இரண்டு நூலுக்கும் இடையில் நிற்கிறது. அணைக் கல்வெட்டில் உள்ள ஆண்டுகள் 657, 658. 115 கழித்தால் 542, 543. 110 கழித்தால் 547, 548. நஜ்ரான் பக்கத்துக் கல்வெட்டுகளின் ஆண்டு 633. ஒரு கணக்கில் அது 518, மற்றதில் 523. நீங்கள் கேட்ட 552 படையெடுப்பைச் சொல்லும் முரைகான் கல்வெட்டின் ஆண்டு 662. அதை 547 என்று போட்ட நூலும் உண்டு, 552 என்று போட்ட நூலும் உண்டு. இங்கேதான் அவதானம் வேண்டும். பழைய நூலின் ‘547’ முரைகான் படையெடுப்பு, புதிய நூலின் ‘547’ அணை உடைப்பு. இரண்டிலிருந்தும் குறிப்பெடுத்து ஒரே அட்டவணையில் போட்டால் அப்ரஹா ஒரே ஆண்டில் இரண்டு வேலை செய்ததாக வந்து நிற்கும்.

இன்றைய ஆய்வில் நிற்பது 110. வெளியில் இருந்தும் அதற்குப் பிடிமானம் உண்டு. பெத் அர்ஷாம் ஆயர் சிமியோன் நஜ்ரான் கொலைகளைப் பற்றி எழுதிய சிரிய மொழிக் கடிதத்தில் செலூக்கிய ஆண்டு 835, சனவரி 20 என்று வருகிறது. அது கி.பி. 524. கொலைச் சேதி அப்போது புதுச் சேதி. 523 என்றால் பொருந்துகிறது. 518 என்றால் ஐந்து வருடப் பழைய கதையை அவர் பதறிப்பதறி எழுதினார் என்று ஆகும்.

இன்னும் ஒன்று. ஹிம்யர் ஆண்டு ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்குகிறது. அதனால் ஏப்ரல் முதல் டிசெம்பர் வரை விழும் மாதங்களுக்கு 110 கழியுங்கள், சனவரி முதல் மார்ச் வரை விழும் மாதங்களுக்கு 109. மாதம் பார்க்காமல் கழித்தால் ஒரு வருடம் பிசகும். உங்களுக்குத் தேவையான மூன்று மாதப் பெயர்கள்: தூ கைளான் யூன், தூ மத்ரஆன் யூலை, தூ அல்லான் செப்ரெம்பர். அப்ரஹா படை திரட்டியது 657 தூ கைளான், அதாவது 547 யூன். அணை உடைந்தது 657 தூ மத்ரஆன், 547 யூலை. திருத்த வேலை முடிந்தது 658க்குள். ஆகவே 548 என்று ஒற்றை எண்ணாகப் போடாமல் ‘547 யூலையில் உடைப்பு, 658 ஆம் ஹிம்யர் ஆண்டுக்குள் திருத்தம்’ என்று எழுதுங்கள்.

அலைகரை எழுதியது:

45 முழத்துக்கு வருகிறேன், அதுதான் என் பகுதி.

கல்வெட்டில் உள்ள அளவு நீளம் 45, உயரம் 35, அகலம் 14 முழம். முழத்தை அரை மீற்றருக்குச் சற்றுக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 20 மீற்றர் சொச்சம், உயரம் 16, அகலம் ஆறரை. இது முழுக் கட்டின் அளவாக இருக்க முடியாது, இரண்டு மலைக்கும் இடையில் கட்டு 600 மீற்றர் அளவில் ஓடுகிறது. எனவே இது திருத்திய துண்டின் அளவு. நம்மூரில் ‘நாப்பது முழத்துக்கு உடைச்சுக்கொண்டு போயிட்டுது’ என்றால் குளக்கட்டே நாற்பது முழம் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். அதே மாதிரித்தான். உயரத்தைப் பாருங்கள், 16 மீற்றர் என்பது அணையின் கடைசிக் கால முழு உயரத்துக்குக் கிட்ட வருகிறது. அதாவது உடைப்பு மேலே ஒரு ஓட்டை அல்ல, அடிவரை பிளந்திருக்கிறது. கல்வெட்டும் பாறை தென்படும்வரை தோண்டி அத்திவாரம் போட்டதாகச் சொல்கிறது. உங்கள் கூட்டத்தில் இந்த வரியை மெதுவாக வாசியுங்கள். உடைந்த இடத்தை அப்படியே மண்போட்டு மூடினால் பழைய மண்ணுக்கும் புது மண்ணுக்கும் இடையில் நீர் வழி தேடும், அடுத்த வெள்ளத்தில் அதே இடம் போகும். பாறைவரை போனவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

இன்னொரு பெரிய பிழையையும் முன்கூட்டியே தவிருங்கள். மாரிப் அணையை இரணைமடு மாதிரிக் கற்பனை பண்ணக் கூடாது. இரணைமடுவில் மாரித் தண்ணீரைப் பிடித்து வைத்துச் சிறுபோகத்துக்கு விடுகிறோம். மாரிப்பில் மாதக்கணக்காக நீர் தேக்குவது நோக்கம் அல்ல. யேமன் மலையில் வசந்தத்திலும் கோடையிலும் மழை. வாதி தனா என்ற, மழைக்கு மட்டும் ஓடும் ஆற்றில் வெள்ளம் சில நாள் பாய்ந்து போய்விடும். அந்தச் சில நாளில் வெள்ளத்தை மறித்து, மட்டத்தை உயர்த்தி, வடக்கிலும் தெற்கிலும் இருந்த இரண்டு கல் மதகுகளால் வாய்க்காலுக்குள் ஏற்றிவிடுவதுதான் கட்டின் வேலை. வயலில் நீர் நின்று ஊறும், அந்த ஈரத்தில் பயிர் வளரும். ஏறத்தாழ 9,600 ஹெக்டேயர், எங்கள் கணக்கில் 23,000 ஏக்கருக்கு மேல், இப்படிப் பாய்ந்தது.

இதனால் என்ன வரும்? வெள்ளத்தோடு வண்டல் வரும். வயல் மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்தது. நூறு வருடத்தில் ஒரு மீற்றர். வயல் உயர்ந்தால் வாய்க்காலை உயர்த்த வேண்டும், வாய்க்காலை உயர்த்தினால் மதகை, மதகை உயர்த்தினால் கட்டை. ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் கட்டுக்குப் பின்னால் நிற்கிற நீரின் அமுக்கம் கூடுகிறது. உள்ளே மண், முகத்தில் கல் பாவிய கட்டு அது. ஆகவே அடிக்கடி உடைந்தது. அப்ரஹாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், ஹிம்யர் ஆண்டு 564–565 இல், அரசன் ஷுரஹ்பில் யஃபுர் இதே அணையை 20,000 ஆளை வைத்துத் திருத்தியதற்கும் கல்வெட்டு இருக்கிறது. பனங்காமம் அண்ணையின் கணக்குப்படி அது 454–456. பழைய நூலில் 449–450 என்று இருக்கும், குழம்ப வேண்டாம். உடைவது பராமரிப்பு இல்லாததால் மட்டும் அல்ல, அந்த நீர்ப்பாசன முறைக்குள்ளேயே அது இருக்கிறது. இந்தப் புள்ளியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ‘ஆட்சி கெட்டது, அணை உடைந்தது’ என்று ஒரே வரியில் முடிக்கிற எழுத்துகள் இதைக் கவனிப்பதில்லை.

குர்ஆனின் 34 ஆம் அத்தியாயத்தில் வரும் ‘ஸைலுல் அரிம்’ என்ற சொல்லைப் பிள்ளைகள் கேட்பார்கள். சபா மொழிக் கல்வெட்டில் அணைக்குப் பெயரே ‘அரிம்’ தான். அணை உடைத்த வெள்ளம் என்று பொருள்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. மாதத்தைப் பாருங்கள்: யூலை. கோடை வெள்ளம் இறங்குகிற காலம். உடைப்பை அடைக்காமல் விட்டால் அந்த வெள்ளம் முழுவதும் பாலைவனத்துக்குள் போகும், அந்தப் போகம் போச்சு. வசந்த வெள்ளத்துக்கு முன்னும் அடைக்காவிட்டால் அதுவும் போச்சு. இரண்டு போகம் தவறினால் மாரிப்பில் படைக்குப் போட மாவும் இல்லை, பேரீச்சம்பழமும் இல்லை. ஆளனுப்பினால் போதாதா என்றால், ஆள் என்று அனுப்ப இருந்தவர்களே படையில் நின்ற கோத்திரங்கள்தான். மண் சுமக்கிற கையும் ஈட்டி பிடிக்கிற கையும் ஒன்று.

கனகராயன்கரை எழுதியது:

அலைகரை அண்ணை, கோடி நன்றி. வண்டல் விளக்கத்தை அப்படியே சொல்லப் போகிறேன். ஒரு சந்தேகம். கலகக்காரனை விட்டுவிட்டா அணைக்குப் போனார்? அவ்வளவு ஆட்களுக்கு என்ன சாப்பாடு?

முசலித்துறை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். விட்டுவிட்டுப் போகவில்லை தம்பி, கல்வெட்டின் வரிசையைப் பிடித்துக்கொண்டு போனால் தெளிவாகும்.

கலகக்காரன் யஸீத் இப்னு கப்ஷா. கிந்தா கோத்திரத்தின் மேல் அப்ரஹாவே நியமித்த பிரதிநிதி. அவனோடு சபா, யஸன் குடும்பத் தலைவர்கள் சிலர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவன் முன்னைய அரசன் ஸுமயஃபஃவின் மகன் மஅதீகரிப். அந்த ஸுமயஃபஃவைக் கவிழ்த்துத்தான் அப்ரஹா ஆட்சிக்கு வந்தார், ஆகவே பகை எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. அரசன் அனுப்பிய தளபதியை யஸீத் கொன்றான், கதூர் கோட்டையை இடித்தான், ஹளரமௌத் பக்கம் தாக்கினான். 547 யூனில் அப்ரஹா அபிசீனியரையும் ஹிம்யரையும் ஆயிரக்கணக்கில் திரட்டி ஸிர்வாஹ் வழியாகக் கிழக்கே இறங்கினார். படை வருவதைக் கண்டதும் யஸீத் தானே வந்து பணிந்துவிட்டான். அந்த நேரத்தில்தான் அணை உடைந்த சேதி. பணியாத சிலரைப் பார்க்க ஒரு படைப்பிரிவு நின்றது, அரசன் மாரிப்புக்குத் திரும்பினார். அங்கே தேவாலயத்தில் பூசை, அதன் பிறகு அணை.

வேலை நேராகவும் போகவில்லை. அத்திவாரம் போட்ட பிறகு ஆட்களுக்கும் நகரத்துக்கும் நோய் வந்தது. அப்ரஹா கோத்திரங்களை வீட்டுக்குப் போக விட்டார், பின்னர் திரும்ப அழைத்தார். இந்தக் காலத்தைக் கொள்ளைநோய் கிழக்கு ரோம எல்லைகளை வாட்டிய காலத்தோடு ஒப்பிடுவோர் உண்டு, ஆனால் கல்வெட்டு நோய்க்குப் பெயர் வைக்கவில்லை. நீங்களும் வைக்க வேண்டாம்.

சாப்பாட்டுக் கணக்கைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்: மா 50,806 அளவை, பேரீச்சம்பழம் 26,000 அளவை, மாடு 3,000, ஆடு 7,200, இவற்றோடு திராட்சை மதுவும் பேரீச்சை மதுவும். மாவுக்கு 50,000 என்று முழு எண் போடாமல் 806 வரை எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அது புகழுரையில் வருகிற எண் அல்ல, களஞ்சியக் கணக்குப்பிள்ளையின் எண். அளவையைக் கிலோவாக மாற்றிச் சொல்ல முயலாதீர்கள்.

அதே காலத்தில் வந்த தூதர்கள் பட்டியலும் உண்டு. அபிசீனிய அரசனான நெகுஸ், ரோமப் பேரரசன், பாரசீக அரசன், பாரசீகச் சார்பு அரபு அரசான ஹீராவின் முன்திர், ரோமச் சார்பு அரபுத் தலைவன் கஸ்ஸானிய ஹாரித், அவன் சகோதரன் அபூகரிப். கல்வெட்டு எல்லோரையும் ஒரே சொல்லால் குறிக்கவில்லை. நெகுஸுக்கும் ரோமுக்கும் ஒரு சொல், பாரசீகத்துக்கு வேறு சொல், அரபுத் தலைவர்களின் ஆட்களுக்கு வெறும் ‘ரஸூல்’, அதாவது தூதன். யாரை எந்தப் படியில் உட்கார வைத்தார் என்பது அதிலேயே இருக்கிறது. அப்ரஹாவின் வெளியுறவுக்கு இந்த ஒரு வரி போதும்.

இனி 552. இது நஜ்ரானுக்கு வடக்கே முரைகான் கிணற்றடியில் உள்ள பாறைக் கல்வெட்டு. மத்திய அரேபியாவின் மஆத் கோத்திரங்களுக்கு எதிராக நாலாவது படையெடுப்பு என்று அதுவே சொல்கிறது. ஏப்ரலில் பனூ ஆமிர் கலகம். அரசன் இரண்டு பிரிவை முன்னால் அனுப்பினார், ஒன்று கிந்தாவோடு அபூ ஜப்ர், மற்றது ஸஅத், முராத் கோத்திரங்களோடு பிஷ்ர். தாம் ஹலிபானில் போரிட்டார். மஆத் பணிந்து பிணை கொடுத்தது. ஹீரா அரச குடும்பத்து அம்ர் இப்னு முன்திர் தன் மகனைப் பிணையாகக் கொடுத்து மஆதின் மேல் ஆளுநராக நிற்க ஒப்புக்கொண்டான். செப்ரெம்பரில் திரும்பினார்கள். முன்னே அனுப்பிய இரண்டு பிரிவும் பாலைவனக் கோத்திரங்கள் என்பதைப் பாருங்கள். கிணறு எது, எது வற்றும் என்று அவர்களுக்குத் தெரியும்.

யானை ஆண்டு: இந்தக் கல்வெட்டில் மக்காவும் இல்லை, யானையும் இல்லை. ஹலிபான் மக்காவுக்குக் கிழக்கே தொலைவில், றியாத்துக்குத் தென்மேற்கே கிடக்கிறது. மரபில் யானை ஆண்டு ஏறத்தாழ 570. ஆகவே ‘552 இல் மத்திய அரேபியப் படையெடுப்பு நடந்ததற்குக் கல்வெட்டு உண்டு. யானைப் படைச் சம்பவம் இஸ்லாமிய மரபில் வருகிறது’ என்று இரண்டையும் தனித்தனி வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒன்றால் மற்றதை நிறுவவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

பனங்காமம் எழுதியது:

நஜ்ரானைத் தொடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 523 ஆம் ஆண்டின் மூன்று கல்வெட்டுகளில் கொல்லப்பட்டோர் 12,500 முதல் 14,000 வரை, கைதிகள் 11,000 வரை, ஒட்டகம் மாடு ஆடு 290,000 என்று எண்கள் வரும். இவற்றை ‘நஜ்ரானில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்’ என்று எழுதுவது பரவலான பிழை. அது ஹிம்யரின் யூத அரசன் யூஸுப் அஸ்அர், மரபில் தூ நுவாஸ், நடத்திய முழுப் படையெடுப்பின் கணக்கு: தலைநகர் ழஃபாரில் அபிசீனியர், கரையோரத்தில் அஷ்அர் கோத்திரம், முகா துறை. கல்வெட்டை வெட்டியவர் தளபதி ஷரஹ்இல் யக்புல். அவர் நஜ்ரானை மறித்துக்கொண்டு நின்றபோது அரசன் கரையோரம், செங்கடல் வாயிலான மந்தப் பக்கத்துச் ‘சங்கிலி’ அரணைப் பலப்படுத்திக்கொண்டு அபிசீனியக் கப்பல்களுக்குக் காத்திருந்தார். கப்பல்கள் 525 இல் அபிசீனியாவின் அக்ஸூம் அரசன் காலெபோடு வந்தன. யூஸுப்பின் ஆட்சி அதோடு முடிந்தது. மூன்று கல்வெட்டும் ஒரே கோடையில் வெட்டியவை, எண் சற்றுச் சற்று மாறுகிறது. ஏதாவது ஒன்றை எடுத்தால் எந்தக் கல்வெட்டு, எந்த மாதம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அலைகரை எழுதியது:

நேரம் இருந்தால் ரோமர் தோற்றதையும் பக்கத்தில் வையுங்கள். முசலித்துறை சொன்ன கிணற்று விடயம் அதில்தான் துலக்கமாகத் தெரியும்.

கி.மு. 26–25 இல் எகிப்தின் ஆளுநர் ஏலியஸ் காலஸ் 10,000 பேரோடு யேமனுக்கு வந்தார். முதலில் 80 போர்க்கப்பல் கட்டினார். எதிரியிடம் கடற்படையே இல்லை, கட்டியது வீண். பிறகு 130 சுமைக் கப்பல் கட்டி ஏற்றினார். பலது பாறையில் மோதி உடைந்தது. கரையேறிய படைக்கு வாயிலும் காலிலும் நோய் வந்து, கோடையும் குளிரும் அங்கேயே போனது. அதற்குப் பிறகு வட அரேபியாவின் நபத்தேயர் காட்டிய வழியில் தண்ணீரை ஒட்டகத்தில் சுமந்துகொண்டு போனார்கள். கணக்குப் பாருங்கள்: ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் என்றால் 10,000 பேருக்கு 50,000 லீற்றர். ஒட்டகம் ஒன்று 150 லீற்றர் சுமந்தால் ஒரு நாள் தண்ணீருக்கு மட்டும் 333 ஒட்டகம். அடுத்த கிணறு மூன்று நாள் தள்ளி என்றால் ஆயிரம். குதிரைக்கும் சுமை மிருகத்துக்கும் இன்னும் கணக்குப் போடவில்லை.

மர்சியாபா என்ற நகரை ஆறு நாள் முற்றுகையிட்டு, தண்ணீர் இல்லாமல் கைவிட்டார்கள். போரில் இறந்தது ஏழே பேர் என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். மற்றவர்களை நோயும் பசியும் களைப்பும் கொன்றன. போக ஆறு மாதம், திரும்ப வேறு வழியில் 60 நாள். வழிகாட்டிய நபத்தேய அமைச்சன் ஸில்லேயஸ் வேண்டுமென்றே சுற்றிக் கூட்டிப்போனான் என்று பழி அவன் தலையில். ஸ்ட்ராபோ காலஸின் நண்பர் என்பதையும் சொல்லுங்கள், பழியை எடை போட அது வேண்டும்.

வரைபடம் போடுவதானால் எல்லைக்கோடுகளை விடுங்கள். மாரிப், ஸிர்வாஹ், ழஃபார், நஜ்ரான், முரைகான், ஹலிபான் ஆறு புள்ளி. அவற்றுக்கு இடையில் வாதிகளை நீலத்திலும் ராம்லத் ஸபஅதைன் மணல்வெளியை மஞ்சளிலும் போடுங்கள். படை போன கோட்டை நீலத்தை ஒட்டியே வரையுங்கள். மணலுக்குக் குறுக்கே நேர்கோடு போட்டுவிட்டால் முன்வரிசையில் இருக்கிற கமக்காரர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்: ‘இதுக்குள்ளால தண்ணிக்கு என்ன செய்தவை?’